பாலும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிடும் பிள்ளை: எடை சரியாக இருந்தும் சத்துக் குறைவது எப்படி?

கூலிம் ஹைடெக் பூங்காவில் பல தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர ஷிப்ட்தான் வழக்கம். பஸ் கிலாங் பிடிக்க அம்மா விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார். அப்பாவுக்கு அந்த வாரம் இரவு வேலை. மூன்று வயதுப் பையன் காலையில் தாஸ்காவில் இருக்கிறான், மதியத்துக்கு மேல் பாட்டி வீட்டில். இரவு வீடு திரும்பும் அம்மா, "புள்ள சாப்பிட்டானா அத்தை?" என்று கேட்கிறார். "சோறு வேணாம்னுட்டான்மா. பால் நல்லா குடிச்சான், பிஸ்கட்டும் தின்னான்" என்று பதில் வருகிறது.

பிள்ளை தாஸ்காவில் ஏதாவது சாப்பிட்டிருப்பான் என்று பாட்டி நினைக்கிறார். வீட்டில் பாட்டி ஊட்டுவார் என்று தாஸ்கா அக்கா நினைக்கிறார். இரண்டு இடத்திலும் சாப்பிட்டிருப்பான் என்பது அம்மாவின் நம்பிக்கை. பிள்ளை அழவில்லை, ஓடி விளையாடுகிறான், கன்னமும் கொழுகொழுவென்றுதான் இருக்கிறது.

இது குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதை அல்ல. பாடாங் செராய், லுனாஸ், கூலிம் பக்கத்துத் தாமான்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. இங்கே யாரும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. மூன்று பேர் கவனிக்கிறார்கள். ஆனால், அந்தப் பிள்ளை ஒரு முழு நாளில் என்னென்ன சாப்பிட்டது என்பதைச் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் இல்லை. நான்கைந்து பொருளுக்குள் சுருங்கிப்போன உணவுப் பட்டியல் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

நாட்டு நிலவரம் என்ன?

சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு தாய்-சேய் நலத்தை 2022-இல் ஆராய்ந்தது. 5 வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று அதில் தெரிய வந்தது. அதாவது ஐந்தில் ஒரு பிள்ளை. 2016-இல் இதே அளவு 20.7 விழுக்காடு. ஆறு ஆண்டுகளில் நிலைமை முன்னேறவில்லை. 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான பிள்ளைகளில் 46.5 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது.

இரத்தச்சோகை எல்லாமே இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். உயரக் குறைவுக்கும் உணவு ஒன்றே காரணம் அல்ல. குறைப்பிரசவம், பிறப்பு எடை, தாயின் ஆரோக்கியம், அடிக்கடி வரும் நோய் எல்லாம் சேர்ந்த விளைவு அது. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிவிட முடியாத எண்ணிக்கை இது.

ஏழை வீட்டில்தானே இதெல்லாம் என்று சிலர் கேட்கலாம். கோலாலம்பூரில் குறைந்த விலை அடுக்குமாடி வீடுகளில் யுனிசெஃப் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் உயரக் குறைவுடன் இருந்தார்கள். அதே வீடுகளில் அதிக எடை கொண்ட பிள்ளைகளும் நிறைய இருந்தார்கள். வயிறு நிறைவது வேறு, சத்துச் சேர்வது வேறு. ஹைடெக் பூங்காவில் ஓ.டி. செய்து இரண்டு சம்பளம் வாங்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். அங்கே கையில் காசு இருக்கலாம், நேரம்தான் இருக்காது.

பால் கணக்கு

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது இரும்புச்சத்துக் குறைவு. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, நாம் சத்தானது என்று நம்பிக் கொடுக்கும் பசும்பால்.

ஒரு நாளில் 8 அவுன்ஸ் பாட்டில் ஐந்து குடிக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 1,200 மில்லிலிட்டர். முழுக் கொழுப்புப் பால் என்றால் அதிலிருந்து மட்டும் 700 கிலோகலோரிக்கு மேல் கிடைத்துவிடும். 1 முதல் 3 வயது வரையிலான பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதே ஏறக்குறைய 900 முதல் 1,000 கிலோகலோரிதான். பிறகு சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது? அந்த 1,200 மில்லிலிட்டர் பாலில் 1 மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. மலேசியப் பரிந்துரைப்படி இந்த வயதுக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 மில்லிகிராம் வேண்டும்.

போதாக்குறைக்கு, பாலில் உள்ள கால்சியம் மற்ற உணவில் இருக்கும் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். அதிகப் பால் மலச்சிக்கலையும் கொண்டு வரும். வயிறு கல்லு மாதிரி இருக்கும் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்?

ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கியப் பானமாகக் கொடுக்கவே கூடாது என்றும், அதன் பிறகு நாளுக்குச் சுமார் 500 மில்லிலிட்டருக்குள், அதாவது இரண்டு கப்புக்குள் நிறுத்த வேண்டும் என்றும் மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். டின்னில் வரும் ஃபார்முலா பால்மாவில் இரும்பு சேர்க்கப்பட்டிருக்கும், அதனால் கணக்குக் கொஞ்சம் மாறும். ஆனால் வயிறு நிறைந்து சாப்பாடு ஓடிப்போகும் பிரச்சனை அதிலும் அப்படியேதான் இருக்கும்.

கெட்டிப்பாலின் கதை இன்னும் பழையது. ஜமைக்காவில் பிறந்த குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் ஓர் உரை ஆற்றினார். தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்புச் சேர்த்த கெட்டிப்பாலைக் குழந்தை உணவு என்று விளம்பரம் செய்து விற்பதால் பிள்ளைகள் சாகிறார்கள் என்று வணிகர்கள் கூடியிருந்த அவையிலேயே அவர் சொன்னார். இன்று அதே வடிவ டின்னில் விற்பனையாவது பெரும்பாலும் செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர். அதைக் கலக்கிப் பாட்டிலில் கொடுக்கும் பழக்கம் முழுதாக மறையவில்லை. தேத்தண்ணியும் அப்படித்தான். "கொஞ்சூண்டு தே குடிச்சா என்னா ஆகப் போவுது" என்பார்கள். தேயிலையில் உள்ள டானின், இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டோடு கொடுத்தால் பாதிப்பு இன்னும் அதிகம்.

இரும்பு குறைந்தால் என்ன ஆகும்?

முதலில் வெளியே எதுவும் தெரியாது. தாயின் வயிற்றில் சேர்த்து வைத்த இரும்பு ஏறக்குறைய 6 மாதம் வரை கைகொடுக்கும். பிறகு உணவிலிருந்துதான் வர வேண்டும். சேமிப்புக் கரைந்து முடிந்த பின்னரே இரத்தத்தின் அளவு இறங்கும். நம் பிள்ளைகளின் நிறத்தில் முகம் வெளுப்பதை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. கீழ் இமையின் உட்பக்கம், உள்ளங்கை, நாக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சோர்வு, எரிச்சல், தூக்கக் குறைவு, அடிக்கடி சளி, காய்ச்சல். இவையெல்லாம் வேறு காரணத்தாலும் வரலாம். ஆனால் ஒரு அறிகுறி நம் வீடுகளில் அடிக்கடி தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பிள்ளை மண்ணைத் தின்றால், சுவரைச் சுரண்டித் தின்றால், ஐஸ் கட்டியையோ காகிதத்தையோ விடாமல் மென்றால், "பூச்சி இருக்கு, பூச்சி மருந்து கொடு" என்பதுதான் முதல் பேச்சு. பூச்சியும் இருக்கலாம்தான். ஆனால் இரும்புச்சத்துக் குறைவிலும் இப்படி நடக்கும். மருந்து கொடுத்தும் பழக்கம் போகவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை தேவை.

மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு மூன்று வருடத்தில் இரும்பு குறைந்தால் கவனம், கற்றல், பேச்சு, நடத்தை எல்லாம் பாதிக்கப்படலாம். பிறகு இரும்பு கொடுத்து இரத்தத்தைச் சரிசெய்தாலும், நீண்ட நாள் கடுமையான குறைவில் இருந்த பிள்ளைகளிடம் சில பாதிப்புகள் தங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் பெரியவனானா தானா சாப்பிடுவான் என்று காத்திருப்பதில் ஆபத்து இருக்கிறது.

இதில் ஒரு சுற்றுப் பாதையும் உண்டு. சாப்பிடாததால் இரும்பும் துத்தநாகமும் குறைகின்றன. இவை குறைந்தால் பசியும் குறைகிறது, துத்தநாகக் குறைவில் நாக்கின் சுவையும் மங்குகிறது. பசி இல்லாத பிள்ளை இன்னும் குறைவாகச் சாப்பிடுகிறது. பார்ப்பவர்கள் பிடிவாதம் என்கிறார்கள்.

கால் வலி, மாலைக்கண்

சோறும் கிச்சாப்பும், நகட்ஸ், உருளைக்கிழங்கு, வெள்ளை ரொட்டி, சிப்ஸ் என்று வாழும் பிள்ளைகளுக்கு இரும்பு மட்டும் குறைவதில்லை.

காய்கறி, பழம் எதையும் தொடாத பிள்ளைக்கு வைட்டமின் சி சேமிப்பு ஒன்று முதல் மூன்று மாதத்தில் காலியாகலாம். கப்பல் மாலுமிகளின் நோய் என்று பள்ளியில் படித்த ஸ்கர்வி அப்போது வரும். சிறு பிள்ளைகளிடம் அது ஈறில் தொடங்குவது போலவே காலிலும் தொடங்கும்: நொண்டுவது, நிற்க மறுப்பது, தொட்டால் அழுவது. விழுந்திருப்பான் என்று எக்ஸ்ரே எடுப்பார்கள், மூட்டு நோயா, இரத்தப் புற்றுநோயா என்று தேடுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இப்படிப் பல பரிசோதனைகளைக் கடந்து கடைசியில் ஸ்கர்வி என்று தெரிய வந்ததைப் பல நாட்டு மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று முதல் நாளே கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மருந்தும் மலிவான வைட்டமின் சி-தான்.

வைட்டமின் ஏ கல்லீரலில் பல மாதத்துக்குச் சேமிப்பாக இருக்கும். அதனால் குறைவு தாமதமாகத் தெரியும். மங்கலான வெளிச்சத்தில் தடுமாறுவது, கண் காய்ந்து போவது, வெளிச்சத்தில் கண் கூசுவது ஆகியவை ஆரம்பம். கவனிக்காமல் விட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வை நிரந்தரமாகப் போகலாம்.

வைட்டமின் டி குறைவு வெயில் நாட்டில் எப்படி வரும் என்று கேட்பார்கள். காலையில் கார், பகல் முழுக்கக் கதவு பூட்டிய வீடு, மாலையில் கைத்தொலைபேசி என்றால் வெயில் எங்கே படுகிறது? கருத்த தோலுக்கு அதே அளவு வைட்டமினை உருவாக்க இன்னும் அதிக நேரம் வெயில் வேண்டும். கடுமையாகக் குறைந்தால் கால் எலும்பு வளையும்.

பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில் கிடைப்பது. முழுச் சைவத் தாயிடம் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பாலையும் முட்டையையும் ஒதுக்கும் சைவப் பிள்ளை இரண்டு பேரிடமும் கவனம் வேண்டும். இதில் பாதிக்கப்படுவது நரம்பு.

எடை சரியாக இருக்கிறதே என்ற சமாதானம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரப் பையன் ஒருவனின் விவரம் சாட்சி. 2019-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியாகி உலகச் செய்தி ஆனது. தொடக்கப்பள்ளி நாளிலிருந்து அவன் உணவு வறுத்த உருளைக்கிழங்கு, சிப்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி. சில உணவின் தன்மையே வாயில் ஒத்துவரவில்லை. சோர்வு என்று 14 வயதில் மருத்துவரிடம் போனபோது பி12 குறைவு தெரிந்தது. 17 வயதில் பார்வை நரம்பு சேதமாகி, பார்வை மீள முடியாதபடி குறைந்துவிட்டது. அவனுடைய உயரமும் எடையும் சரியாகவே இருந்தன.

அடமா, அதற்கு மேலா?

இரண்டு வயதில் பிள்ளை சாப்பாட்டில் அடம் பிடிப்பது சாதாரணம். நேற்றுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட இட்லியை இன்று தட்டிவிடும். வளர்ச்சி வேகம் முதல் வருடத்தைவிடக் குறைவதால் பசியும் குறையும். இப்படிப்பட்ட பிள்ளை இரண்டு காய், இரண்டு பழம், ஏதோ ஒரு மீனோ முட்டையோ சாப்பிடும், வாரக் கணக்கில் பார்த்தால் ஓரளவு சரியாகிவிடும்.

வேறு வகைப் பிள்ளைகளும் உண்டு. நிறம், மணம், மொறுமொறுப்பு, குழைவு இவற்றில் ஒன்று மாறினாலும் வாயில் வைக்க மாட்டார்கள். ஒரே பிராண்ட் பிஸ்கட், பாக்கெட் நிறம் மாறினால்கூட வேண்டாம். புது உணவைப் பார்த்தாலே குமட்டல். முன்பு சாப்பிட்டது ஒன்றை விட்டால் அதற்குப் பதில் புதிதாக ஒன்று சேராது. பட்டியல் குறைந்துகொண்டே போகும். மொத்தம் 20 உணவுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது உணவூட்டல் சிகிச்சையாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. இதில் தீவிரமான நிலைக்கு ஆர்ஃபிட் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் நோய் வகைப்பாட்டு நூலில் அதைச் சேர்த்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட உணவுத் தேர்வு அதிகம் காணப்படுகிறது. ஆனால் தேர்ந்து சாப்பிடும் எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை.

இந்தப் பிள்ளைகளிடம் "ரெண்டு நாள் பட்டினி போடு, தானா சாப்பிடுவான்" என்ற அறிவுரை வேலை செய்யாது. அவர்கள் உண்மையிலேயே சாப்பிடாமல் இருந்துவிடுவார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று மருமகளைக் குறை சொல்வதும் உதவாது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் இந்தப் பேச்சை வேண்டிய மட்டும் கேட்டுவிட்டார்கள்.

வேலைக்குப் போகும் தாய் நமக்குப் புதிதும் அல்ல. கெடா தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டப் போன பெண்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில்தான் விட்டுப் போனார்கள். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கோழியும் இருந்தன என்பது உண்மை. அதற்காக அந்தக் காலம் பொற்காலம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளிடமும் சத்துக் குறைவும் குடற்புழுவும் நிறைய இருந்தன.

18 மாதத்துக்குப் பின் ஓர் இடைவெளி

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் தீபகற்ப மலேசியாவில் ஒரு பிள்ளைக்கு 18 மாதத்தில் ஊசி முடிகிறது. அடுத்தது முதலாம் ஆண்டில், 7 வயதில். இடையில் வளர்ச்சியைப் பார்க்கும் கிளினிக் வருகைகள் உண்டு. ஆனால் ஊசி இல்லை என்றதும் பல பெற்றோருக்கு, "இனி எதுக்குப் போகணும்? லீவும் கிடைக்காது" என்று ஆகிவிடுகிறது. உணவுப் பிடிவாதம் முற்றும் வயதும், பால் பாட்டில் எல்லை மீறும் வயதும் சரியாக அந்த இடைவெளியில்தான் வருகின்றன.

கிளினிக் கெசிஹாத்தானில் கொடுத்த பிள்ளை நலப் பதிவுப் புத்தகத்தில் எடை, உயர வரைபடம் இருக்கும். ஒரு தடவை எடுத்த அளவைவிட, அளவுகள் எந்தக் கோட்டை ஒட்டிப் போகின்றன என்பதே முக்கியம். எடை ஏறி, உயரக் கோடு மட்டும் படுத்துக்கொண்டால் அதுவும் எச்சரிக்கைதான்.

எடை குறைந்த பிள்ளைகளுக்கு அமைச்சு 1989-இலிருந்து நடத்தும் மீட்புத் திட்டம் ஒன்று உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாதாந்திர உணவுக் கூடை தருவார்கள். தகுதி உள்ளவர்கள் தாதியரிடம் தயங்காமல் கேட்கலாம். ஆனால் அந்தத் திட்டம் எடையையும் வருமானத்தையும் வைத்துத் தேர்வு செய்கிறது. கொழுகொழு கன்னத்தோடு நகட்ஸ் மட்டும் சாப்பிடும் பிள்ளை அந்த வலையில் விழாது. பெற்றோர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் என்ன மாற்றலாம்?

முதலில் கணக்கு. தாஸ்கா அக்கா, பாட்டி, அப்பா, அம்மா எல்லாரும் ஒரு வாட்சாப் குழுவில் மூன்று நாளைக்குப் பிள்ளையின் தட்டையும் பாட்டிலையும் படம் எடுத்துப் போடட்டும். சாப்பிடும் முன் ஒன்று, பின் ஒன்று. யாரையும் குறை சொல்ல அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மாமியார் படம் போட மாட்டார்.

பால் அதிகம் என்று தெரிந்தால் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். சில நாளுக்கு ஒரு பாட்டில் வீதம் குறைக்கலாம். நடுராத்திரிப் பாட்டிலில் தொடங்குவது பல்லுக்கும் நல்லது. சாப்பாட்டுக்கு முன் பால் இல்லை, பின்னால்தான்; அதுவும் கப்பில்.

எதை, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். ஒரு புது உணவை ஏற்க 10, 15 தடவை பார்க்க வேண்டியிருக்கும். பல வீட்டில் மூன்றாவது தடவையிலேயே கைவிட்டுவிடுகிறோம். பிடித்த உணவோடு ஒரு சின்னத் துண்டு புது உணவை வைத்தால் போதும், வற்புறுத்த வேண்டாம். கடை நகட்ஸ் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு வேறு பிராண்ட், பிறகு வீட்டில் செய்தது, பிறகு வறுத்த கோழித் துண்டு, பிறகு மீன் என்று ஒவ்வொரு படியாக நகரலாம். இதற்கு மாதக்கணக்காகும்.

விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. முட்டை, நெத்திலி, டின் சார்டின், கெம்போங் மீன், ஆட்டிறைச்சி, பருப்பு, தெம்பே, தாவ்ஹு எல்லாம் பக்கத்துக் கடையிலேயே உண்டு. கோழி ஈரல் இரும்பும் வைட்டமின் ஏ-யும் நிறைந்தது. ஏ மிக அதிகம் என்பதால் வாரம் ஒரு தடவை, கொஞ்சம் போதும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் சேர வைட்டமின் சி துணை வேண்டும். அதற்கு அரைக் கொய்யா, ஒரு துண்டு பப்பாளி, எலுமிச்சை பிழிந்த பருப்பு எதுவானாலும் சரி. 50 கிராம் கொய்யாவே இந்த வயதுக்கான ஒரு நாள் வைட்டமின் சி-யைத் தாண்டிவிடும்.

ஜெல்லி மிட்டாய் மாதிரி விற்கும் வைட்டமின் கம்மிகளை நம்பி இருக்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் இரும்பே இருக்காது, அட்டையைப் படித்துப் பாருங்கள். மறுபக்கம், மருந்துக்கடையில் இரும்பு டானிக் வாங்கி அளவு தெரியாமல் ஊற்றுவதும் ஆபத்து. அளவு மீறிய இரும்பு சிறு பிள்ளைக்கு நஞ்சு. பெரியவர்களின் இரும்பு மாத்திரையும், கர்ப்பிணி அம்மாவின் மாத்திரையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கிளினிக்கில் என்ன கேட்பார்கள்?

இரத்தப் பரிசோதனையில் அளவு குறைவாக இருந்தால் உடனே இரும்பு என்று முடிவு செய்ய முடியாது. மலேசியாவில் தலசீமியா மரபணு உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் லேசான இரத்தச்சோகை காட்டும். இரும்பு குறைவா, தலசீமியாவா, இரண்டுமா என்பதைப் பிரித்துப் பார்க்கக் கூடுதல் பரிசோதனை தேவைப்படலாம். குடும்பத்தில் யாருக்காவது தலசீமியா இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

நடக்க மறுப்பது, ஈறில் இரத்தம், இருட்டில் தடுமாற்றம், எடை இறங்குவது, விழுங்கும்போது புரையேறுவது, ஓயாத வாந்தி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த லீவு நாள் வரை காத்திருக்க வேண்டாம். தேவைப்பட்டால் கிளினிக்கிலிருந்து ஹைடெக் பகுதியில் உள்ள கூலிம் மருத்துவமனைக்குக் குழந்தை மருத்துவரிடமோ, உணவியல் நிபுணரிடமோ அனுப்புவார்கள். பேச்சு, நடத்தை பற்றிச் சந்தேகம் இருந்தால் ஆட்டிசத்துக்கான எம்-சாட் கேள்விப் பட்டியலை நிரப்பச் சொல்வார்கள். அதில் சில பதில்கள் தாஸ்காவில் பார்ப்பவருக்குத்தான் தெரிந்திருக்கும், முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

போகும்போது பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சாப்பாட்டுப் படங்கள் கைத்தொலைபேசியில் இருக்கட்டும், பால் டின்னின் முன்பக்கமும் பின்பக்கமும் கூட. பாட்டில் எத்தனை அவுன்ஸ், நாளுக்கு எத்தனை தடவை என்பதை எழுதி வையுங்கள். பெற்றோர் இருவரும் ஷிப்டில் இருந்து பாட்டிதான் கூட்டிப் போகிறார் என்றால், அந்தத் தாளைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.